உளச்சிகிச்சை யாருக்கு உதவுகிறது? ஆலோசகர் நாற்காலியும் முதல் தகவல் அறிக்கையும்

மாணவர் தற்கொலைகள் குறித்து 2025ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இரு முக்கியத் தீர்ப்புகளை வழங்கியது. ஐஐடி டெல்லியில் 2023இல் உயிரிழந்த பட்டியல் சாதி மாணவர்கள் இருவரின் பெற்றோர் தொடுத்த வழக்கில், மார்ச் 24 அன்று முதல் தீர்ப்பு வந்தது. சாதிப் பாகுபாடு குறித்த பெற்றோரின் புகார் மீது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யுமாறு நீதிமன்றம் காவல்துறைக்கு ஆணையிட்டது. பிள்ளைகளை இழந்தவர்கள் ஒரு புகாரைப் பதிவு செய்வதற்கே உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. ஜூலை 25 அன்று மற்றொரு வழக்கில் வந்த இரண்டாவது தீர்ப்பு, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்று பணித்தது.

முதல் தீர்ப்பு, ஓர் இறப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்கிறது. இரண்டாவது, உயிரோடிருப்பவரின் துயருக்கு யார் துணை என்று கேட்கிறது. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் கல்வி நிறுவனங்களுக்கு இவ்விரண்டில் எது எளிது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆலோசகருக்கு ஓர் அறையும் நாற்காலியும் ஒதுக்குவது எளிது. பேராசிரியர் ஒருவர் மீது விசாரணை நடத்துவது கடினம். ஆகவே ஒடுக்கப்பட்ட மாணவர்களும் அவர்களுக்காகப் போராடும் அமைப்புகளும் மனநல ஆலோசனை என்னும் சேவையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டியுள்ளது. உளச்சிகிச்சை உண்மையில் மனிதர்களுக்கு உதவுகிறதா? அல்லது அது பெரும்பாலும் சிகிச்சையாளர்களை வாழவைக்கும் ஒரு தொழிலா? வசதி படைத்தோரின் ஆடம்பரம் என்று அதை ஒதுக்கிவிடுவதும் தவறு. எல்லாத் துயருக்கும் மருந்து என்று நம்பிவிடுவதும் தவறு. ஆய்வுகள் கூறுவதிலிருந்து தொடங்குவோம்.

பயன் தருகிறதா?

இக்கேள்வியைக் கூர்மையாக எழுப்பியவர் பிரிட்டனில் பணியாற்றிய உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க். 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் பற்றிய பழைய தரவுகளைத் தொகுத்து 1952இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பதற்றம், மனச்சோர்வு போன்ற துன்பங்களுக்கு ஆளானோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர், சிகிச்சை பெற்றாலும் பெறாவிட்டாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் தேறிவிடுகின்றனர் என்பது அவரது முடிவு. காலமே குணப்படுத்துகிறது, பெயரைச் சிகிச்சையாளர் எடுத்துக்கொள்கிறார் என்பதே அதன் பொருள். அவர் பயன்படுத்திய ஒப்பீடுகள் குறைபாடுடையவை என்று பின்னர் கடுமையாக விமர்சிக்கப்பட்டன. ஆயினும் அந்தக் கட்டுரை உளச்சிகிச்சைத் துறையைச் சோதனைக்கு உட்படுத்தியது.

மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1977இல் 375 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டனர். சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், சிகிச்சை பெறாதோரில் 75 விழுக்காட்டினரைவிட நல்ல நிலையில் இருந்தார் என்பது அதன் முடிவு. அதன்பின் வந்த நூற்றுக்கணக்கான சோதனைகளும் உளச்சிகிச்சை பயனளிக்கிறது என்பதையே உறுதிப்படுத்தின. எனினும், தோல்வியடைந்த சோதனைகள் பெரும்பாலும் அச்சேறுவதில்லை. அந்தச் சாய்வைச் சரிசெய்து கணக்கிடும்போது பயனின் அளவு கணிசமாகக் குறைகிறது. மேலும், சிகிச்சை பெறுவோரில் 5 முதல் 10 விழுக்காட்டினர் முன்பிருந்ததைவிட மோசமான நிலையை அடைகின்றனர் என்பது இத்துறையினரே ஒப்புக்கொள்ளும் மதிப்பீடு. ஆக, உளச்சிகிச்சை பயன் தருகிறது. அதன் பயன் நடுத்தர அளவிலானது. சிலருக்கு அது தீங்கும் செய்கிறது.

பயன் தருவது எது?

ஹான்ஸ் ஸ்ட்ரப், சுசான் ஹாட்லி ஆகிய ஆய்வாளர்கள் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நடத்திய சோதனையின் முடிவு 1979இல் வெளியானது. மனச்சோர்வும் பதற்றமும் கொண்ட கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் அனுபவம் மிக்க உளச்சிகிச்சையாளர்களிடம் அனுப்பப்பட்டனர். மற்றொரு பகுதியினர், உளவியல் பயிற்சி ஏதுமற்ற, ஆனால் மாணவரிடம் பரிவோடு பேசக்கூடியவர்கள் என்று அறியப்பட்ட பேராசிரியர்களிடம் அனுப்பப்பட்டனர். சராசரியாகப் பார்த்தால் இரு பிரிவினரும் ஒரே அளவில் தேறினர். அதே ஆண்டில் ஜோசப் டர்லாக் என்பவர் இத்தகைய 42 ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், பட்டம் பெற்ற நிபுணர்கள் எளிய பயிற்சி பெற்ற உதவியாளர்களைவிட மேம்பட்ட பலனைக் காட்டவில்லை. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு 170 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த 6,591 பேரையும் ஆராய்ந்தது. ஆண்டுகள் கூடக்கூடச் சிகிச்சையாளர்களின் வெற்றி சராசரியாகக் கூடவில்லை. மிகச் சிறிதளவு குறையவே செய்தது.

பயிற்சியே தேவையில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவது பிழை. எண்ணச் சுழற்சி நோய்க்கும், வன்முறைக்குப் பிந்தைய மன அதிர்ச்சிக்கும் குறிப்பிட்ட சிகிச்சை முறைகள் உண்டு. அவற்றைக் கற்றுத் தேர்ந்தவரே கையாள வேண்டும். மனச்சிதைவு, இருதுருவ மனநோய் ஆகியவற்றுக்கு மருத்துவரும் மருந்தும் இன்றியமையாதவை. ஆனால் மிகப் பரவலான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உதவுவதில் பெரும்பங்கு, குறுக்கிடாமல் கேட்கும் ஒருவர், அவர்மீது எழும் நம்பிக்கை, சிக்கலைப் பகுத்துப் பார்க்கும் எளிய முறை, தொடர்ந்து சந்திக்கும் ஒழுங்கு ஆகியவற்றுக்கே உரியது. இவை சந்தையில் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றன. எனினும் இவற்றை அளிக்க உயர்ந்த விலை தேவையில்லை.

கட்டணத்தின் கதை

கட்டணம் செலுத்துவதே சிகிச்சையின் ஒரு பகுதி, இலவசமாகக் கிடைப்பதை நோயாளி மதிக்கமாட்டார் என்னும் வாதம் இத்துறையில் நெடுங்காலமாக உண்டு. சிக்மண்ட் ஃபிராய்டு 1913இல் ஏறத்தாழ இதையே எழுதினார். ஆனால் முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், 1918 செப்டம்பரில் புடாபெஸ்டில் கூடிய மாநாட்டில் அவரே வேறொரு குரலில் பேசினார். உடல்நோய்க்குச் சிகிச்சை பெற ஏழைக்குள்ள உரிமை மனநோய்க்கும் உண்டு, அதை அரசோ சமூகமோ இலவசமாக வழங்கும் காலம் வர வேண்டும் என்பது அவரது வாதம். அதையடுத்து 1920இல் பெர்லினிலும் 1922இல் வியன்னாவிலும் இலவச உளச்சிகிச்சை நிலையங்கள் திறக்கப்பட்டன. நாஜிகளின் எழுச்சி அந்த முயற்சியை அழித்தது. பெரும்பாலான நாடுகளில் பின்னர் நிலைத்தது தனியார் அறையும் மணிக்கணக்குக் கட்டணமும்தான். இங்கிலாந்தில் 2008 முதல் அரசு மருத்துவச் சேவையே உளச்சிகிச்சையை இலவசமாக வழங்கிவருகிறது. சிகிச்சையை முழுமையாகப் பெறுவோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தேறுகின்றனர் என்பது அதன் கணக்கு. பணம் கொடுக்காததால் பயன் கெட்டுப்போகும் என்ற வாதத்துக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

நம் நாட்டின் நிலை என்ன? பெருநகரங்களில் தனியார் உளச்சிகிச்சையாளரிடம் ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய் என்பது இன்று அரிய தொகை அன்று. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் ஒரு நாள் கூலி 2024-25ஆம் ஆண்டில் 319 ரூபாய். அரசு விடுதியில் தங்கிப் பயிலும் கல்லூரி மாணவருக்கான உணவுப்படி 2023இல்தான் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதாவது, ஒரு மாணவரின் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவும் ஐம்பது நிமிட உரையாடலின் விலையும் ஒன்று. சிகிச்சைக்கு எட்டு முதல் பத்து அமர்வுகள் வேண்டும் என்றால் கணக்கை மேலும் நீட்ட வேண்டியதில்லை. 2015-16ஆம் ஆண்டுத் தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலச் சிக்கல்கள் உடையோரில் 85 விழுக்காட்டினர் எச்சிகிச்சையும் பெறுவதில்லை.

இதைத் தனிப்பட்ட சிகிச்சையாளர்களின் பேராசை என்று சுருக்குவது நியாயமாகாது. அவர்களுக்கும் வாடகை உண்டு, கல்விக்கடன் உண்டு. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து முதல் தலைமுறையாக இத்தொழிலுக்கு வந்தவரும் அந்தக் கட்டணத்தை நம்பியே வாழ்கிறார். கோளாறு அமைப்பில் உள்ளது. சந்தை, துயரின் கடுமையை அளவாகக் கொள்வதில்லை. செலுத்தும் திறனையே அளவாகக் கொள்கிறது. மிதமான சிக்கலோடு ஆண்டுக்கணக்கில் வந்துபோகக்கூடிய வசதியானவரே அதற்கு உகந்த வாடிக்கையாளர். உடனடி உதவி தேவைப்படும் துப்புரவுப் பணியாளரின் மகள் அதன் கணக்கிலேயே வருவதில்லை. இதனுடன் முறைப்படுத்தலின் பலவீனமும் சேர்கிறது. மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆனால் ‘ஆலோசகர்’ என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வோர் அனைவரும் அந்த வரம்புக்குள் வருவதில்லை. 2021இல் இத்தகைய தொழில்களையும் உள்ளடக்கிய சட்டம் இயற்றப்பட்ட பின்னும் பதிவு முறை முழுமையாக வேரூன்றவில்லை. ஏமாற்றப்பட்டவர் எங்கே முறையிடுவது என்பதற்குத் தெளிவான விடையில்லாத தொழிலில், தொழில் செய்பவரின் நலனே மேலோங்கும்.

மர இருக்கையும் ஆரம்ப சுகாதார நிலையமும்

வேறு வழி உண்டு என்பதற்குச் சான்றுகள் ஏழை நாடுகளிலிருந்தே வந்துள்ளன. கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வுக்கு ஆளான 495 பேரிடையே ஒரு சோதனை நடைபெற்றது. மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர் மக்கள் சில வாரங்கள் பயிற்சி பெற்று, ஒவ்வொருவருடனும் ஆறு முதல் எட்டு முறை உரையாடினர். 2017இல் லான்செட் இதழில் வெளிவந்த முடிவின்படி, மூன்று மாதங்களில் இவ்வுதவி பெற்றோரில் 64 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து மீண்டனர். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றோரில் மீண்டவர்கள் 39 விழுக்காட்டினரே.

ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில், மனநல மருத்துவர் டிக்சன் சிபண்டா 2006இல் 14 மூதாட்டிகளைக் கொண்டு ஒரு திட்டத்தைத் தொடங்கினார். சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர இருக்கை. அதில் பாட்டி ஒருவர். அருகே தன் துயரைச் சொல்ல வந்தவர். அங்குள்ள ஷோனா மொழியில் இத்துயரைக் குறிக்கும் சொல்லுக்கு ‘அளவுக்கு மீறி யோசித்தல்’ என்பது பொருள். அந்தச் சொல்லையே அவர்களும் பயன்படுத்தினர். 573 பேர் பங்கேற்ற சோதனையின் முடிவு 2016இல் வெளியானது. ஆறு மாதங்களுக்குப் பின் மனச்சோர்வின் அறிகுறிகள், இருக்கையில் அமர்ந்து பேசியோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரிடமும், மற்ற பிரிவினரில் ஏறத்தாழ 50 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன.

சென்னையும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. இங்கு 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சினேகா’ அமைப்பில், தன்னார்வலர்களே கட்டணமின்றித் துயருற்றோரின் குரலைக் கேட்டுவருகின்றனர். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று உயிர்பிழைத்த 1,867 பேரிடையே நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. ஒரு மணி நேர உரையாடல், அதன்பின் 18 மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரித்தல்: கூடுதலாகச் செய்யப்பட்டது இவ்வளவே. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்தனர். இந்தக் கவனிப்பைப் பெற்றோரில் அது 0.2 விழுக்காடாக இருந்தது.

இவற்றைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘ஏழைக்குப் பாட்டி போதும், பணக்காரருக்கு நிபுணர்’ என்ற இரட்டை ஏற்பாட்டுக்கு இச்சான்றுகளை எவரும் பயன்படுத்த இடமளிக்கக் கூடாது. இத்திட்டங்கள் வெற்றி பெற்றதற்கு முறையான பயிற்சியும், தொடர்ந்த மேற்பார்வையும், கடும் நோயுள்ளவரை உடனே மருத்துவரிடம் அனுப்பும் வழியும் இருந்ததே காரணம். இவை இல்லாமல் தன்னார்வலரை மட்டும் நிறுத்துவது பொறுப்பைக் கைகழுவுவதாகும்.

நோய் யாருடையது?

இதுவரை பேசியது துயரைத் தணிப்பது பற்றி. துயரை உண்டாக்குவது சாதி என்னும்போது உளச்சிகிச்சை தன் எல்லையைச் சந்திக்கிறது. 1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் சாதியை மனத்தில் குடிகொண்ட கருத்தாக விளக்கினார். அவ்வாறெனில் மாற்றப்பட வேண்டிய மனம் ஒடுக்குபவருடையது. ஆனால் நம் கல்வி வளாகங்களில் சிகிச்சை அறைக்கு அனுப்பப்படுபவர் ஒடுக்கப்பட்டவர். தரவரிசை எண்ணைக் கேட்டுக் கேலி செய்தவருக்கு அறையில்லை. கேலிக்கு ஆளானவருக்கு மட்டும் மன உறுதிப் பயிற்சி. இவ்விடத்தில் ஆலோசனை, அறியாமலேயே, குற்றத்தைப் பாதிக்கப்பட்டவரின் பலவீனமாக மாற்றிவிடுகிறது.

காலனி ஆட்சிக்கால அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் 1953 முதல் பணியாற்றிய மனநல மருத்துவர் பிரான்ஸ் ஃபனோன் இந்த முரணை நேரடியாகச் சந்தித்தவர். மனிதரைத் தம் சூழலோடு மீண்டும் பொருந்தச் செய்வது மனநல மருத்துவம் என்றால், சூழலே மனிதரை அந்நியராக்கும் நாட்டில் அந்த மருத்துவத்துக்கு என்ன பொருள் என்று கேட்டு, 1956இல் அவர் பதவி விலகினார். ஆயினும் ஃபனோன் மருத்துவத்தைக் கைவிடவில்லை; துனிசியாவில் தொடர்ந்து சிகிச்சை அளித்தார். சிகிச்சையும் விடுதலையும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்பதை அவரது வாழ்வு காட்டுகிறது.

2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நாம் இழந்த ரோகித் வெமுலாவை எண்ணிப் பாருங்கள். அவரது ஆய்வு உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றுபோயிருந்தது. அவரும் தோழர்கள் நால்வரும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தனர். நல்ல ஆலோசகர் ஒருவர் அருகில் இருந்திருந்தால் அது நன்மையே. ஆனால் உதவித்தொகையை விடுவிப்பதும் வெளியேற்ற ஆணையைத் திரும்பப் பெறுவதும் ஆலோசகரின் கையில் இருந்தவை அல்ல. 2014 முதல் 2021 வரை மத்தியக் கல்வி நிறுவனங்களில் 122 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்தனர் என்று ஒன்றிய அரசு மக்களவையில் தெரிவித்தது. அவர்களில் 24 பேர் பட்டியல் சாதியினர். 3 பேர் பழங்குடியினர். 41 பேர் பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். இந்த எண்களைத் தனிமனித மனங்களின் கணக்காக மட்டும் படிக்க இயலாது.

காரணத்தை மாற்றினால் உயிர்கள் காக்கப்படும் என்பதற்கும் சான்று உண்டு. இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதை ஒட்டி, 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. பொதுத்தேர்வில் தவறிய மாணவர் ஓராண்டு வீணாகாமல் உடனே துணைத்தேர்வு எழுதத் தமிழ்நாட்டில் வழிசெய்யப்பட்டதும் இத்தகைய ஏற்பாடுதான். ஓர் அரசாணை சில வேளைகளில் ஆயிரம் அமர்வுகளுக்கு ஈடாகும்.

எதைக் கோருவது?

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நமக்கு மூன்று கருவிகளைத் தருகிறது. சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடுமின்றி, அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது பிரிவு 18. ஒருவரின் சமூக நிலையையோ, சமூக, அரசியல் மதிப்பீடுகளோடு அவர் முரண்படுவதையோ கொண்டு அவரை மனநோயாளி எனத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது பிரிவு 3. சிகிச்சை பெறுபவரின் தகவல்கள் காக்கப்பட வேண்டும் என்கிறது பிரிவு 23. போராடும் மாணவரை ‘மனநலம் குன்றியவர்’ என்று முத்திரை குத்தும் நிர்வாகத்துக்கு எதிராக இப்பிரிவுகளை எடுத்துக்காட்ட முடியும்.

ஆகவே வளாகத்தில் ஆலோசனை மையம் திறக்கப்படும்போது மாணவர் அமைப்புகள் சில கேள்விகளை எழுப்ப வேண்டும். ஆலோசகர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், மாணவருக்கா, நிர்வாகத்துக்கா? மாணவர் சொன்னவை ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பில் இடம்பெறாது என்பதற்கு எழுத்துப்பூர்வ உறுதி உண்டா? ஆலோசகருக்குச் சாதி குறித்த பயிற்சி அளிக்கப்பட்டுள்ளதா? பட்டியல் சாதி, பழங்குடிச் சமூகங்களிலிருந்து எத்தனை பேர் அப்பணியில் உள்ளனர்? தமிழில் பேச முடியுமா? பாகுபாடு பற்றி ஒருவர் கூறினால், அவரது விருப்பத்தின் பேரில், அது புகாராக மாறிச் சமவாய்ப்புப் பிரிவைச் சென்றடையும் வழி உண்டா? அப்புகார்கள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறதா? ஜூலை 25ஆம் நாள் தீர்ப்பே, ஒடுக்கப்பட்ட மாணவர்களை அணுகுவது குறித்து ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்று கூறுகிறது. அப்பகுதி வசதியாக மறக்கப்படாமல் பார்த்துக்கொள்வது நம் பணி.

தனிமனிதருக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. சாதியமைப்பு மாறும்வரை காத்திருக்குமாறு வலியில் இருக்கும் ஒருவரிடம் கூறுவது கொடுமை. உதவி நாடுவது கோழைத்தனமும் அன்று, போராட்டத்திலிருந்து விலகுவதும் அன்று. 2022 அக்டோபர் முதல் இயங்கும் அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். நம் விடுதி அறைகளில், வாசிப்பு வட்டங்களில், இயக்க அலுவலகங்களில், சோர்ந்திருக்கும் தோழரைத் தேடிச்சென்று பேசும் வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பிறகு அவருடன் சேர்ந்தே புகாரை எழுதி, அது பதிவாகும்வரை உடன் நிற்க வேண்டும்.